கழிவுநீரும் நம் ஆராய்ச்சியும்



1927 மார்ச் 20 அன்று மகாடு நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீரள்ளிப் பருகினார். நன்னீர் மறுக்கப்பட்ட நமக்குச் சாக்கடை மட்டும் ஒதுக்கப்பட்டிருந்தது. காற்றுப்புகாத அக்குழிகளில் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயுவை உண்டாக்குகின்றன. இறங்கும் நம்மவர் மூச்சடங்கி மாள்வது பெரும்பாலும் அதனால்தான். 1993இலும் 2013இலும் தடைச்சட்டங்கள் வந்தன, சாவு நிற்கவில்லை.

நுண்ணுயிர் எமன் மட்டுமன்று. காற்றூட்டினால் வேறு நுண்ணுயிர்கள் பெருகி அழுக்கை உண்டு நீரைத் தெளிவிக்கும். 1914இல் ஆர்டனும் லாக்கெட்டும் மான்செஸ்டரில் மெய்ப்பித்த முறை இது.

இதனை ஆராயும் சுற்றுச்சூழல் உயிர்த்தொழில்நுட்பத் துறை திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலேயே உள்ளது. நம் பிள்ளைகளோ என்னைப்போல் பி.எட். முடிப்பதையே எல்லையெனக் கொள்கின்றனர்! முதுகலைக்குப்பின் நெட் தேர்வெழுதித் தேறுவோர்க்குப் பட்டியல் இனத்தவர்க்கான தேசிய ஆராய்ச்சி உதவித்தொகை உண்டு. ஏலாக்குறிச்சி வட்டாரத்தில் வேதியியல், விலங்கியல் பயில்வோர் மதிப்பெண் சான்றுடன் ஞாயிறுதோறும் என்னை வந்து காணலாம்.