வீட்டிலே நாடியும் குருதியமுக்கமும்

தெல்தோட்டையிலிருந்தும் கலகாவிலிருந்தும் விடியற்காலைப் பஸ்ஸில் ஏறிக் கண்டி தேசிய வைத்தியசாலைக் கிளினிக்குக்கு வருபவர்களை நேயர்கள் கண்டிருப்பார்கள். கையிலே கிளினிக் கொப்பி. லயத்திலிருந்து தெருவுக்கு மேடும் பள்ளமுமாக நடந்த களைப்பு. பஸ்ஸிலே நின்று வந்த கால்வலி. அதன்பின் நீண்ட வரிசை. முறை வந்ததும் கையிலே பட்டியைச் சுற்றி அளக்கிறார்கள். அப்பொழுது கிடைக்கும் எண், அம்மனிதருடைய உண்மையான குருதியமுக்கந்தானா என்பது நியாயமான கேள்வி.

வைத்தியரைக் கண்டவுடனே அமுக்கம் உயர்ந்து காட்டுபவர் பலர் உண்டு. இதற்கு நேர்மாறாக, கிளினிக்கில் ஒழுங்காகவும் வீட்டில் உயர்வாகவும் இருப்பவர்களும் உண்டு. இந்த இரண்டாம் வகையினரின் நிலையே அபாயமானது. அவர்களிடம் நோய் இருப்பதை எவரும் அறியார். உயர் குருதியமுக்கம் பெரும்பாலும் தலைவலியோ மயக்கமோ காட்டுவதில்லை. "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லிக் கொழுந்துக் கூடையைத் தூக்கிச் சென்றவர் மறுநாள் பாரிசவாதத்தால் விழுந்த பிறகே வீட்டார் அதன் பெயரைக் கேள்விப்படுவதும் உண்டு.

கைப்பட்டி கட்டி அளக்கும் முறையை 1896இல் இத்தாலிய வைத்தியர் ரீவா ரொச்சி வகுத்தார். 1905இல் ரஷ்ய வைத்தியர் கொரொட்கொவ், குழாயைக் காதில் வைத்து நாடியின் ஓசையைக் கேட்டு மேலெண், கீழெண் இரண்டையும் அறியும் வழியைச் சொன்னார். நெடுங்காலம் இது வைத்தியருக்கும் தாதிக்கும் உரிய வித்தையாக இருந்தது. இன்று மின்கலத்தால் இயங்கும் சிறு கருவி இதனை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டது. மணிக்கட்டில் கட்டும் கருவியைவிட மேற்கையில் கட்டுவதே நம்பத்தக்கது.

ஆனால் கருவி வந்துவிட்டது என்பதால் அளவு சரியாகிவிடாது. தேநீர் குடித்து, வெற்றிலை புகையிலை போட்டு, உடனே அளந்தால் கிடைக்கும் எண் தேநீருக்கும் புகையிலைக்கும் உரியதே. அரைமணி நேரம் இவற்றை விலக்கி, சிறுநீர் கழித்து, முதுகைச் சாய்த்து, பாதங்களை நிலத்தில் ஊன்றி, 5 நிமிடம் பேசாது இருக்கவேண்டும். சட்டைக் கையின் மேல் பட்டியைக் கட்டலாகாது. பட்டி கையின் பருமனுக்கு ஏற்றதாகவும், கை நெஞ்சின் மட்டத்திலும் இருக்கவேண்டும். காலையிலும் மாலையிலும் ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, ஏழு நாட்களுக்குக் கொப்பியில் எழுதி, முதல் நாளை நீக்கிச் சராசரி பார்ப்பது முறை. கிளினிக்கில் 140க்கு 90 என்ற எல்லை, வீட்டில் 135க்கு 85 என்று சற்றுத் தாழ்வாகக் கொள்ளப்படுகிறது. ஒருநாள் ஒரு எண் கூடிவிட்டது என்று அஞ்சி அயல்வீட்டாரின் குளிசையை வாங்கி விழுங்குவதும், எண் இறங்கிவிட்டது என்று தம் குளிசையைத் தாமே நிறுத்துவதும், லயங்களில் மட்டுமல்ல, கண்டிப் பட்டணத்து மாளிகைகளிலும் நடக்கும் பிழைகளே.

இதற்கு அப்பால் இன்னொரு விடயம் இருக்கிறது. நம் முன்னோர் நாடி பிடித்துப் பார்த்தார்கள். வாத பித்த கபம் என்று அவர்கள் கண்டதை இங்கே ஆராய வேண்டியதில்லை. விரலை மணிக்கட்டில் வைத்துப் பொறுமையாகக் கேட்கும் பழக்கம் மட்டும் இன்றைக்கும் உதவும். சோணையறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கத் தொடங்கினால், நாடி ஒரு தாளமும் இல்லாமல் விட்டுவிட்டு அடிக்கும். அப்பொழுது இதயத்தின் மேலறையில் குருதி தேங்கி உறையக்கூடும். அந்த உறைகட்டி மூளைக்குச் சென்றால் பாரிசவாதம். இவ்வகைத் தாளக்கோளாறு உள்ளவர்க்குப் பாரிசவாத அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்பது அமெரிக்காவின் பிராமிங்ஹாம் ஊரில் 1948இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு காட்டிய முடிபு. குருதியமுக்கம் கூடியவரிடமே இக்கோளாறும் மிகுதியாகக் காணப்படுவதால், இரண்டையும் ஒருங்கே தேடுவது பொருத்தமானது.

ஆகவேதான் குருதியமுக்கம் அளக்கும்போதே நாடியின் இடைவெளிகளை ஒப்பிட்டு, ஒழுங்கின்மை கண்டால் அடையாளம் காட்டும் கருவிகள் செய்யப்பட்டன. அத்தகைய ஒன்றை 2013ஆம் ஆண்டு ஜனவரியில் பிரித்தானிய மருத்துவ வழிகாட்டு நிறுவனமான நைஸ், குடும்ப வைத்தியர்கள் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. எனினும் அடையாளம் காட்டுவது வேறு, தீர்ப்புச் சொல்வது வேறு. இதயத்தின் மின்னலையை வரையும் ஈசீஜிதான் நோயை உறுதிப்படுத்தும். கோளாறு சில வேளைகளில் வந்து தானே மறைந்துவிடுவதால், ஈசீஜி எடுத்த நாளில் ஒன்றும் தெரியாமற் போகலாம்; வீட்டுக் கொப்பியின் மதிப்பு அங்கேதான். உறுதியானால், வைத்தியர் குருதி உறையாமைக்கு மருந்து தருவார். அதற்கு அஸ்பிரின் ஈடாகாது.

இலங்கையில் வீடு தேடிச் சென்று அளந்ததற்கு முன்மாதிரிகள் உண்டு. வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளிலும் 30 கிராமியச் சமூகங்களில் 2645 பேரிடையே நடந்து, 2020இல் வெளியான ஆய்வில், அரசாங்கச் சுகாதார ஊழியர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீடுகளுக்குச் சென்று குருதியமுக்கம் பார்த்து, அறிவுரை கூறி, வேண்டியவரை வைத்தியரிடம் அனுப்பினர். இரண்டு ஆண்டு முடிவில், அவ்வாறு செல்லாத கிராமங்களைவிட அவ்வூர்களில் மேலெண் சராசரியாக 5.2 அலகு கூடுதலாக இறங்கியிருந்தது. அற்பம் என்று தோன்றலாம். ஓர் ஊர் முழுவதற்கும் அது இறங்குமானால் பாரிசவாதங்கள் குறையும். வடமாகாணத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் பிரித்தானியாவின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து இதயத் தாளக்கோளாற்றை மக்களிடையே தேடியதும் நினைக்கத்தக்கது.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரையைச் சூழ்ந்த மலைகளில், ஒரு குடும்பத்துக்கு ஒரு கருவி என்பது இன்றைய விலைவாசியில் எளிதன்று. ஒரு லயத்துக்கு ஒன்று என்றால் இயலும். படித்த பிள்ளை ஒன்று அதைக் கையாளப் பழகி, பாட்டன் பாட்டிக்கு அளந்து எழுதலாம். கணக்குப் பாடத்துக்கும் அது நல்ல பயிற்சி. கருவாடும் ஊறுகாயும் உப்புச் சம்பலும் இல்லாமல் ரொட்டி இறங்காது என்பவரிடம், நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதைவிட, கொப்பியிலுள்ள எண்ணே உரக்கப் பேசும்.

2011 முதல் அரசாங்க வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் நடுத்தர வயதினரை இலவசமாகப் பரிசோதித்து வருகின்றன. வீட்டுக் கொப்பியை அங்கே கொண்டுசென்று காட்டலாம். நாடி ஒழுங்கற்று அடித்தால், அன்றைய திகதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு ஈசீஜி கேட்கவேண்டும். ஆனால் வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, மறுபடி அளந்து பார்க்கக் காத்திராமல், எந்த வாகனம் கிடைக்கிறதோ அதிலேற்றி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும்.