மதுவம் புகட்டிய பாடம்



நமது உடம்பிலே நாள்தோறும் கோடிக்கணக்கான கலங்கள் இறக்கின்றன. ஆயினும் நாம் நலமாகவே வாழ்கின்றோம். பழுதுற்ற கலமும் பணி முடித்த கலமும் ஒழுங்கான முறையில் தம்மைத் தாமே முடித்துக்கொள்வதே இதற்குக் காரணம். கேர், வைலி, கறி என்னும் மூன்று அறிஞர்கள், 1972ஆம் ஆண்டில், இலையுதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் இதனை 'அப்பொத்தோசிசு' என அழைத்தனர். உதிரவேண்டிய இலை உதிராது நின்றால் என்னவாகும்? சாகவேண்டிய வேளையில் சாக மறுக்கும் கலம் புற்றுநோய்க்கு வழிகோலுகின்றது. ஆதலின், இத்தகைய கலத்தைச் சாகும்படி ஏவ இயலுமா என்பது மருத்துவ உலகின் பெருவினாக்களுள் ஒன்று.

இவ்வினாவுக்கு விடை தேடியோருக்கு வைரசு ஒன்று வழிகாட்டியது. மூக்கின் பின்புறத்தேயுள்ள அடினோயிட்டு என்னும் இழையத்திலிருந்து 1953இல் அமெரிக்காவிலே பிரித்தெடுக்கப்பட்ட அடினோவைரசே அது. பெரும்பாலும் தடிமன், தொண்டை நோவு, கண்ணோய் ஆகியவற்றை உண்டாக்குவது. அதன் புரதங்களுள் ஒன்று ஈ4-ஓர்ப்4. அது 114 அமினோவமிலங்களே கோத்த ஒரு சிறு சங்கிலி. வைரசின் ஏனைய பகுதிகள் எவையுமின்றி இப்புரதத்தை மட்டும் மனிதப் புற்றுக்கலங்களில் உண்டாக்கியபோது, அவை மடிந்தன. சாதாரண கலங்களோ அவ்வளவு எளிதில் மடியவில்லை. 1998இல் வெளிவந்த ஆய்வுகள் இன்னுமொரு வியப்பைக் கூறின. பழுதுற்ற கலங்களைச் சாவுக்கு அனுப்பும் காவலன் போன்றது பி53 என்னும் புரதம். புற்றுநோய்கள் பலவற்றில் இக்காவலனே கெட்டுப்போயிருக்கும். ஈ4-ஓர்ப்4 கலத்தைக் கொல்வதற்கு அக்காவலனின் துணை தேவைப்படவில்லை.

அவ்வாறாயின் அதற்குத் துணைநின்றது யாது? பி.பி.2ஏ என்னும் நொதியம். ஏனைய புரதங்களின்மேல் ஏறியுள்ள பொசுபேற்றை அகற்றி, அவற்றின் வேலையைத் தொடக்குவதும் நிறுத்துவதும் இதன் தொழில். இந்நொதியத்துக்கு மூன்று உறுப்புகள் உண்டு. தாங்கும் உறுப்பு ஒன்று, வினை செய்யும் உறுப்பு ஒன்று. எந்தப் புரதத்தின்மேல் வினை செய்யவேண்டும் என வழிகாட்டும் உறுப்பு மற்றொன்று. வைரசுப் புரதம் இவ்வழிகாட்டியையே பற்றிக்கொள்கின்றது. பற்ற இயலாதவாறு மாற்றியமைத்த ஈ4-ஓர்ப்4, கொல்லும் ஆற்றலையும் இழந்துவிடுகின்றது. கொலைக்கருவியை வைரசு வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. கலத்தின் சொந்தக் கருவியையே திசைதிருப்பிவிடுகின்றது.

இனி மதுவத்தின் கதைக்கு வருவோம். பாண் சுடுவோர் மாவைப் பொங்கவைக்கச் சேர்க்கும் அதே மதுவந்தான். அடினோவைரசு மதுவத்தை ஒருபோதும் தொற்றுவதில்லை. எனினும் இசுரேலின் தெக்னியன் நிறுவனத்திலும் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்திலும் ஆய்வாளர்கள் மதுவக் கலங்களை இப்புரதத்தை உண்டாக்கச் செய்தனர். 2001இல் வெளியான அம்முடிவுகளின்படி, அக்கலங்களின் வளர்ச்சி குன்றியது. மதுவத்திலும் பி.பி.2ஏ உண்டு; அதன் வழிகாட்டி உறுப்புக்குச் சிடிசி55 என்று பெயர். அவ்வுறுப்பை நீக்கிய மதுவத்தை வைரசுப் புரதத்தால் முன்போல் வாட்ட முடியவில்லை. பின்னர், 2005இல், கொல்கியுடலிலுள்ள இன்டி1 என்னும் நொதியமும் இச்செயலுக்குத் துணைபோவது மதுவத்திலேயே முதலில் தெரியவந்தது.

மனிதனும் மதுவமும் பொது மூதாதையிலிருந்து பிரிந்து ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகள் கழிந்துவிட்டன. அத்தனை காலமும் பெரிதும் மாறாது நிற்கும் உறுப்பு, கலத்துக்கு முக்கியமானதாகவே இருத்தல் வேண்டும். வைரசு அதனைப் பற்றிக்கொள்வதில் வியப்பில்லை. மனிதக் கலத்தின் சிக்கலான வலையில் தேடிக் களைப்பதற்கு முன், எளிய மதுவத்திலே பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாக நீக்கித் தேடலாம் என்பதே ஆய்வாளருக்குக் கிடைத்த பெரும் பேறு.

ஒன்றை மறத்தலாகாது. இப்புரதம் இன்றுவரை மருந்தாகிவிடவில்லை. அதனைப் புற்றுக்கலத்துக்கு மட்டும் சேர்ப்பிப்பது எளிதன்று. ஏனைய கலங்களிலும் அதே பி.பி.2ஏ பணியாற்றுகின்றது, ஆதலின் அதனைக் கண்டபடி குலைத்தலும் ஆபத்து. எனினும், சாக மறுக்கும் கலத்தினுள்ளும் சாவுக்கான கருவி அழியாது இருக்கின்றது என்பதை இவ்வாய்வுகள் காட்டிவிட்டன. அதனை ஏவும் நெறியை அறிவதே இனிச் செய்யவேண்டிய பணி.