வெற்றிடத்தின் எடை

கோடையில் இடைசெவல் கிராமத்துக் கரிசல் மண் பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் மூடிக்கொள்ளும். அண்டம் அப்படியில்லை. விரிந்துகொண்டே போகிறது, அதுவும் வேகம் கூடிக்கூடி! 1998-ல் வெடிக்கும் விண்மீன்களை அளந்துதான் இதைக் கண்டார்கள். தள்ளுவது எது? 'இருள் ஆற்றல்' என்றார்கள். பேர் வைப்பது சுலபம்தானே! அண்டத்தில் ஏறக்குறைய 68 சதவீதம் அதுதான்.

இந்தப் புதிரோடு மல்லுக்கட்டியவர், 1957-ல் திருவனந்தபுரத்தில் பிறந்த இயற்பியலாளர் தாணு பத்மநாபன். கல்லூரி மாணவராக இருந்தபோதே பொதுச் சார்பியலில் ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டார். மும்பையில் வானியற்பியலாளர் நார்லிகரிடம் முனைவர் பட்டம், பிறகு புனேயில் உள்ள அயூக்கா வானியல் மையத்தில் பேராசிரியர். 2003-ல் எழுதிய நீண்ட கட்டுரைக்கு அவர் வைத்த தலைப்பிலேயே 'வெற்றிடத்தின் எடை' என்று வருகிறது. ஒன்றுமில்லாத இடத்துக்கு எடையா? உண்டு. அண்டத்தைத் தள்ளும் இருள் ஆற்றல் அதுதானோ என்று ஓர் ஊகம். ஆனால் அந்த எடைக்கு ஏட்டில் போட்ட கணக்கு, வானம் காட்டுவதைவிட 1-க்குப் பின்னால் 120 சைபர் போட்ட மடங்கு எகிறுகிறது!

பத்மநாபன் 2021-ல் காலமானார். கணக்கு இன்னும் நேராகவில்லை.