பாலத்தின் கீழே கிடப்பவர்கள்



போர்ப்படங்களில் வரும் வீரர்களின் மெய்க்கதையைப் பேசச் சொன்னீர்கள். ஒரேயொரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். டேவிட் லீன் இயக்கி, ஏழு ஒஸ்கார் விருதுகள் பெற்ற ‘குவாய் நதிப் பாலம்’. படத்தில் வரும் பாலம் கட்டப்பட்டதும் 1957இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதும் நம் இலங்கையில்தான், கித்துல்கலவில், களனி கங்கையின் மேல்.

ஜப்பானியருக்கு உறுதியான பாலம் கட்டிக் கொடுப்பதையே தன் படையின் மானமாக நினைக்கிறார், அலெக் கின்னஸ் நடித்த கேணல் நிக்கல்சன். தாய்லாந்தில், பாலம் கட்டிய போர்க்கைதிகளின் தாமர்கான் முகாமில் உண்மையில் அந்த இடத்தில் இருந்தவர் லெப்டினன்ட் கேணல் பிலிப் டூசி. 1942இல் சிங்கப்பூர் விழுந்த வேளை, தப்பிப் போகக் கட்டளை வந்தும் தன் ஆட்களை விட்டுப் போக மறுத்தவர். அவருடைய முகாமில் கறையான்களைப் பிடித்து வந்து மரத்தூண்களில் விட்டார்கள். கொங்கிறீட்டை வேண்டுமென்றே பழுதாகக் கலந்தார்கள். பூன்பொங் என்ற தாய்லாந்து வணிகர் மருந்தை மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். படத்தில் கொடியவராக வரும் சைட்டோவின் பெயரில் மெய்யாகவே ஒருவர் இருந்தார். அவர் முகாமில் இரண்டாம் நிலை அதிகாரி, கைதிகளிடம் ஓரளவு நியாயமாக நடந்தவர். போருக்குப் பின் அவருக்காகப் பரிந்து பேசியவர் டூசி. 1984இல் சைட்டோ இங்கிலாந்துக்குப் போய் டூசியின் கல்லறையில் வணங்கினார்.

டூசிக்குப் படம் அநீதி செய்தது. ஆனால் அதை மறுத்துச் சொல்ல அவருடைய வீரர்கள் உயிரோடு இருந்தார்கள். பின்னர் அவரைப் பற்றி நூலும் வந்தது.

நம்மவர்க்கு?

தாமர்கான் பாலமும் அடங்கிய, ஜப்பானியர் போட்ட ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீண்ட சயாம்–பர்மா ரயில் பாதையில் நேச நாட்டுக் கைதிகள் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தோர் 90,000 அளவில் என்பது மதிப்பீடு. அவர்களில் பெருந்தொகையினர் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர். நல்ல கூலி என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். இலவசப் படம் காட்டுவதாக அழைத்து, கொட்டகை நிறைந்ததும் கதவைப் பூட்டி ரயிலேற்றினார்கள் என்ற பதிவும் உண்டு. வாந்திபேதியில் விழுந்தவர்களைக் காட்டோரம் குழிகளில் தள்ளினார்கள். மூல நாவலை எழுதிய பியர் பூல் மலாயா இறப்பர்த் தோட்டத்தில் பொறியியலாளராக இருந்தவர்; தோட்டத்துத் தமிழரை அறியாதவர் அல்லர். இருந்தும் படத்தில் அவர்களுக்கு இடமில்லை. பொய்யாகக் காட்டப்படுவதை விட, காட்டப்படாமலே போவதுதான் பெரிய அநீதி என்பேன்.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நம் தொழிலாளருக்கு அப்படி ஒன்றும் இல்லை. மலேசியாவில் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்று நாவல் எழுதினார். 2023இல் காஞ்சனபுரியில் தமிழர் ஒரு நடுகல் நாட்டினார்கள்.

நம் சுன்னாகத்துக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. இங்கும் சுற்றூர்களிலும் ‘மலாயன் பென்சனியர்’ வீடுகள் எத்தனை இருந்தன! மலாயா ரயில்வேயில் ஸ்ரேசன் மாஸ்டராகவும் கிளாக்கராகவும் இருந்தவர்கள் நம் பாட்டன்மார். ஆட்களை அடைத்து வடக்கே போன வண்டிகளை அவர்களில் சிலராவது கண்டிருக்க வேண்டும். ‘ஈழகேசரி’ இதழ் அச்சான, எழுத்தின் அருமை தெரிந்த ஊர் இது. உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் மலாயாக் கடிதமோ, நாட்குறிப்போ, படமோ இருந்தால், கறையான் தின்னுமுன் எடுத்து நம் பொது நூலகத்தில் ஒரு பிரதி கொடுங்கள்.