கம்பெனியின் தாய்நாடும் பதில் சொல்ல வேண்டும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



பிழைப்புத் தேடி ஊரை விட்டு வந்தவர்கள் நாம். நமக்கு முன்னே ஊரை விட்டவர்களில் பெருங்கூட்டம் கோலார் தங்கவயலுக்குப் போனது. 1880-இல் இங்கிலாந்தின் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வேலையைத் தொடங்கியது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம் மக்கள் பூமிக்குள் இறங்கித் தங்கம் எடுத்தார்கள். லாபம் லண்டனுக்குப் போயிற்று. கல்தூசி நம்மவர் நெஞ்சில் தங்கிற்று. அந்தத் தூசிக்காக லண்டன் நீதிமன்றத்தில் ஏறி நியாயம் கேட்க நம் பாட்டனுக்கு வழி இருந்ததா?

பழைய கதை என்பீர்கள். இல்லை தோழர்களே, இடம்தான் மாறியிருக்கிறது.

ஆப்பிரிக்காவில் எரித்ரியா என்றொரு சிறிய நாடு. அங்கே பிஷா என்ற இடத்தில் தங்கமும் செம்பும் எடுத்த சுரங்கம். அதில் அப்போது நூற்றுக்கு 60 பங்கு கனடாவின் நெவ்சன் கம்பெனியிடம் இருந்தது; 40 பங்கு எரித்ரிய அரசாங்கக் கம்பெனியிடம் இருந்தது. அந்த நாட்டு இளைஞர்கள் கட்டாய தேசிய சேவைக்குப் போகவேண்டும். 18 மாதம் என்பது சட்டம். வருஷக்கணக்கில் விடமாட்டார்கள் என்பது நடைமுறை. அப்படிப் பிடிக்கப்பட்டவர்களை காண்டிராக்டர்கள் மூலம் சுரங்க வேலையில் தள்ளினார்கள், அடித்தார்கள், கைகால் கட்டி வெயிலில் போட்டார்கள் என்று, தப்பி வந்த மூன்று தொழிலாளர்கள் 2014-இல் கனடாவிலேயே வழக்குப் போட்டார்கள். கம்பெனி மறுத்தது. எரித்ரியாவில் நடந்ததை எரித்ரியாவில் பேசிக்கொள்ளுங்கள், இங்கே வராதீர்கள் என்று வாதாடியது.

இந்த வாதம் நமக்குப் புதிதா? கூலி பாக்கி எங்கே என்று மேஸ்திரியைக் கேட்டால் காண்டிராக்டரைக் கேள் என்பார். காண்டிராக்டரோ கம்பெனியைக் காட்டுவார். கம்பெனி வாசலுக்குப் போனால், நீ யார் என்று கேட்பார்கள்! அதனால்தான் 1970-இல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், காண்டிராக்டர் கூலி தராவிட்டால் வேலை வாங்கிய முதலாளியே தரவேண்டும் என்றது. ஒரு நாட்டுக்குள் நியாயமாக இருப்பது, கடல் தாண்டினால் அநியாயமாகிவிடுமா?

2020 பிப்ரவரி 28-இல் கனடா உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர், வழக்கு இங்கேயே நடக்கலாம் என்றார்கள். நான்கு பேர் வழக்கின் முக்கியமான பகுதிகளை ஏற்கவில்லை. பிறகு அந்த ஆண்டே இருதரப்பும் சமரசம் செய்துகொண்டன. தொகை வெளியே வரவில்லை. குற்றச்சாட்டு விசாரணைக்கே வரவில்லை. கதவைத் திறக்கவே ஆறு ஆண்டு! சட்டம் தெளிவாக இருந்திருந்தால் இத்தனை காலம் ஆகியிருக்குமா? வெளிநாட்டில் அக்கிரமம் செய்யும் சுரங்கக் கம்பெனிக்கு அரசு உதவியை நிறுத்தச் சொன்ன ஒரு மசோதா கனடா பாராளுமன்றத்துக்கு வந்தது. 2010 அக்டோபரில் 134-க்கு 140 என்று, ஆறே ஓட்டில் தோற்றது.

கனடாவைப் பற்றி நமக்கென்ன என்கிறீர்களா? 2019-இல் நமது மத்திய அரசின் மூன்று பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து காபில் என்ற கம்பெனியைத் தொடங்கின. வெளிநாட்டில் கனிமம் தேடுவதே அதன் வேலை. 2024 ஜனவரியில் அர்ஜென்டினாவின் கட்டமார்க்காவில் லித்தியம் தேட ஐந்து நிலப்பகுதிகளுக்கு ஒப்பந்தம் போட்டது. அங்கே தவறு நடந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நாளை அந்த வறண்ட பூமியில் ஒரு குடியானவனின் கிணறு கெட்டால், அவன் எந்த வாசலில் வந்து நிற்பான்? தோண்டும் முன்பே கேட்கவேண்டிய கேள்வி இது.

நேற்று நாம் தோண்டியவர்கள்; இன்று நம் நாடு தோண்டப் போகிறது. இந்தியக் கம்பெனி, அரசுடையதோ தனியாருடையதோ, வெளிநாட்டில் கேடு செய்தால் பாதிக்கப்பட்டவர் இந்திய நீதிமன்றத்தில் வழக்காடத் தெளிவான சட்டம் வேண்டும். நம் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ரேஷன் கார்டோடு இதையும் கேட்போம். நம் பாட்டனுக்கு லண்டனில் மூடியிருந்த கதவை, இன்னொருவன் பேரனுக்கு டில்லியில் நாம் மூடக்கூடாது.