பாட்டின் பிறந்த வீடும் புகுந்த வீடும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ராக் இசையைப் பற்றிப் பேசுவேன் என்று அறிவித்ததும் முன்வரிசையில் சிலர் முகம் சுளித்தனர். பின்வரிசையில் இளைஞர்கள் கைதட்டினர். “இது வெறும் கூச்சல்” என்பது ஒரு கட்சி. “பெரியவர்களுக்கு இது விளங்காது” என்பது எதிர்க்கட்சி. நம் குடியிருப்பில் மாலைதோறும் வீட்டுக்கு வீடு நடைபெறும் வழக்கு இது. ஒரே பாட்டை இரண்டு குரல்களில் கேட்டுச் சீர்தூக்கிப் பார்த்தால் இவ்வழக்குத் தீரும் என்பது என் துணிபு. ஒரே கீர்த்தனையைப் பல வித்துவான்கள் பாடக் கேட்டு ஒப்பிடுவது நமக்குப் புதிதன்றே! அதே செவியோடு இதையும் கேட்போம்.

ஒருவர் பாடிப் புகழ் பெற்ற பாட்டை மற்றொருவர் தம் முறையில் பாடிப் பதிவு செய்வதைக் ‘கவர்’ என்பர். முன்னவர் பாடியவாறே பாடினால் அது வெறும் நகல். பாட்டுக்குள் மறைந்து கிடந்த ஒன்றை வெளிக்கொணர்ந்தால் அதுவே கலை.

பாப் டிலன் 1967-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட இசைத்தட்டில் ‘ஆல் அலாங் தி வாட்ச்டவர்’ என்ற பாட்டு உண்டு. அடக்கமான குரல்; எளிய பக்க இசை; இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்த ஆண்டே ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அதனைத் தம் மின்கிதாரில் ஏற்றினார். டிலன் புயல் வரப்போவதைச் சொல்கிறார். ஹென்ட்ரிக்ஸோ நம்மைப் புயலின் நடுவிலேயே நிறுத்துகிறார். பின்னாளில் டிலனே மேடையில் அதனை ஹென்ட்ரிக்ஸின் போக்கைத் தழுவிப் பாடலானார். பெற்றவரே புகுந்த வீட்டின் பெருமையை ஏற்றுக்கொண்டார் எனலாம்.

குவாஹாட்டியில் வாழும் நமக்கு டிலன் அத்தனை அந்நியரும் அல்லர். இங்கிருந்து மலையேறினால் வரும் ஷில்லாங்கில், லூ மஜாவ் என்னும் பாடகர் 1972-ஆம் ஆண்டு முதல் டிலனின் பிறந்த நாளாகிய மே 24-ஐ இசை விழாவாகக் கொண்டாடி வந்திருக்கிறார்.

மற்றொரு சான்று கேளுங்கள். ‘ரெஸ்பெக்ட்’ என்ற பாட்டை 1965-இல் ஓடிஸ் ரெட்டிங் இயற்றிப் பாடினார். உழைத்து வீடு திரும்பும் கணவன் மனைவியிடம் மதிப்பைக் கேட்கும் பாட்டு அது. 1967-இல் ஆரீத்தா பிராங்ளின் அதனைப் பெண்ணின் குரலாக மாற்றினார். மதிப்பு என்னும் சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொல்லும் பகுதி அவர் பதிவில் சேர்ந்ததே. கணவனின் வேண்டுகோள் பெண்ணினத்தின் உரிமைக் குரலாயிற்று. ரெட்டிங்கின் பாட்டும் நல்ல பாட்டே. ஆயினும் ஆரீத்தாவின் பக்கமே என் தீர்ப்பு.

ஆனால், புகுந்த வீட்டின் புகழில் பிறந்த வீட்டை மறப்பது அறமாகுமா? ‘ஹவுண்ட் டாக்’ என்றால் எல்லாரும் எல்விஸ் பிரெஸ்லியின் பெயரையே சொல்வர். அவர் பாடியது 1956-இல். லீபர், ஸ்டோலர் என்ற இரண்டு இளைஞர்கள் எழுதிய அப்பாட்டை 1952-இலேயே பாடிப் பதிவு செய்தவர் ‘பிக் மாமா’ தார்ன்டன் என்னும் கறுப்பினப் பெண்மணி. உதவாக்கரை ஆடவனை வாசலுக்கு வெளியே தள்ளும் பெண்ணின் சினம் அதில் கனல்கிறது. எல்விஸின் பதிவில் வேகம் உண்டு. சொற்கள் மாறியமையால் அச்சினம் நீர்த்துப் போயிற்று. அப்பாட்டினால் தமக்குக் கிடைத்தது 500 டாலர் அளவே என்று தார்ன்டன் பின்னாளில் கூறினார். பாட்டு ஊரெல்லாம் ஒலிக்க, முதலில் பாடியவர்க்கு இவ்வளவுதானா? இதனை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு பொறுப்பதில்லை.

அதே தார்ன்டன் இயற்றிய ‘பால் அண்ட் செயின்’ என்ற பாட்டை 1967 ஜூனில் மான்டரே விழா மேடையில் பாடித்தான் ஜானிஸ் ஜாப்ளின் பெரும்புகழ் எய்தினார். அக்காட்சி திரைப்படமாகவும் உள்ளது. அவையில் அமர்ந்திருந்த பாடகி காஸ் எலியட் வியந்து வாயடைத்து நிற்பதை அதில் காணலாம். மேடைப் பதிவின் சுவையே இதுதான். கூடத்தில் பிழை நேர்ந்தால் மீண்டும் பாடலாம். மேடையில் விட்ட மூச்சு விட்டதுதான்.

டீப் பர்ப்பிள் குழுவினர் 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் நிகழ்த்திய கச்சேரிகளின் பதிவே ‘மேட் இன் ஜப்பான்’. கூடத்தில் ஐந்து நிமிடத்திற்கும் குறைவாக இசைத்த ‘ஸ்பேஸ் டிரக்கின்’ அம்மேடையில் ஏறத்தாழ இருபது நிமிடம் விரிகிறது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் பிடித்துக்கொண்டு மேலே செல்லும் அழகே அழகு! ஆயினும் ‘தி மியூல்’ பாட்டில் வரும் நெடிய முரசு வாசிப்பு என் பொறுமையைச் சோதிக்கவே செய்கிறது; ரசிகன் என்பதற்காகக் குறையை மறைக்க வேண்டுவதில்லை.

மேடைப் பதிவெல்லாம் முழு உண்மை என்றும் நம்பிவிட வேண்டா. ஜானி காஷ் 1968 ஜனவரி 13-இல் ஃபோல்சம் சிறையில் கைதிகளுக்கு முன் பாடிய பதிவு புகழ் மிக்கது. கொலையைப் பற்றிய ஓர் அடி முடிந்ததும் கைதியின் ஆரவாரம் ஒன்று கேட்கும். அது பிற்பாடு சேர்க்கப்பட்ட ஒலி. அவ்வேளையில் கைதிகள் அடக்கமாகவே இருந்தனர். கணக்கை முடித்த பின் பதிவேட்டில் ஒரு வரியை நுழைத்தால் நம் அலுவலகத்தில் விடுவார்களா? காஷின் குரலுக்கு அந்த ஒட்டுவேலை தேவையே இல்லை என்பது என் கருத்து.

பெரியோர்களே, கூச்சல் என்று கதவைச் சாத்துமுன் ‘ரெஸ்பெக்ட்’ பாட்டை இரு குரலிலும் ஒருமுறை கேளுங்கள். இளைஞர்களே, எல்விஸைக் கேட்கும் நாளில் தார்ன்டனையும் கேளுங்கள். அவர் பெயரை உங்கள் தோழர்க்கும் சொல்லுங்கள். பணத்தால் தீராத கடனைப் பெயர் சொல்லியேனும் ஓரளவு தீர்க்கலாம் அன்றோ?