இந்திர் தாக்ருணாக வந்த சுனிபாலா தேவி



நாவலொன்று திரைப்படமாகும்போது எது நிற்கிறது, எது போகிறது என்பதை விளக்குவதற்காக, எனது உயர்தர வகுப்பு மாணவருக்குச் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யைப் போட்டுக் காட்டினேன். படம் முடிந்து யன்னல்களைத் திறந்த பின்னரும் வகுப்பு சற்று நேரம் பேசாமல் இருந்தது. பிறகு மாணவி ஒருத்தி, "அந்த ஆச்சி நடிக்கேல்லை சேர், அவ சும்மா அங்க இருக்கிறா" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். அவள் சொன்னதிலே பாதி சரி, பாதி பிழை என்று நான் தொடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. அந்த மிகுதிப் பேச்சைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

'பதேர் பாஞ்சாலி' விபூதிபூஷண் வந்தியோபாத்தியாயரின் நாவல். 1929இல் நூலாக வெளிவந்தது. 'நாகம்மாள்' தந்த ஆர். சண்முகசுந்தரம் இதனைத் தமிழாக்கியிருக்கிறார். எம்மிற் பலர் அந்த வழியாகவே இக்கதைக்குள் நுழைந்தோம். அதில் வரும் இந்திர் தாக்ருண், குடும்பத்தலைவன் ஹரிஹருக்கு அக்காள் முறையான ஒரு விதவைக் கிழவி. எழுபத்தைந்து வயது, ஒட்டிய கன்னம், இடுப்பிலே கூன். தனக்கென்று ஒரு பிடி அரிசியும் இல்லாதவள். ஹரிஹரின் மனைவி சர்வஜயாவுக்கு அவளைக் கண்டால் எரிச்சல். சர்வஜயா கொடியவள் அல்லள். இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு போட முடியாத வீட்டிலே மூன்றாவதாக ஒரு வயிறு. அவ்வளவுதான். சிறுமி துர்க்கா மட்டும் தோட்டத்திற் களவெடுத்த கொய்யாப்பழத்தைக் கிழவிக்குக் கொண்டுவந்து கொடுப்பாள்.

நாவலிலே இந்தக் கிழவி முதற் பகுதியின் முடிவிலேயே இறந்துவிடுகிறாள். அபு அப்போது கைக்குழந்தை. ராய் இதை மாற்றினார். அபு ஓடித்திரியும் பையனாகும் வரைக்கும் கிழவியை உயிரோடு வைத்திருந்தார். பிள்ளைகள் இருவரும் ஒன்றாகக் காணும் முதற் சாவு அவளுடையதாக அமைந்தது அந்த மாற்றத்தினால்தான். எனவே படத்தின் முற்பாதியைத் தாங்கவேண்டிய பொறுப்பு ஒரு கிழவியின் தோளில் விழுந்தது. எண்பதை எட்டிய, பல்லில்லாத, கூனிய உடம்புடைய, ஆனால் வசனத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நாள் முழுதும் வேலை செய்யக்கூடிய ஒரு பெண்ணுக்கு எங்கே போவது? இளமையான நடிகைக்கு வேடமிட்டுக் கிழவியாக்குவது அக்கால வழக்கம். ராய் அதை விரும்பவில்லை.

படத்தில் நடிக்கவிருந்த இன்னொரு பழைய நடிகையின் மூலமாகத்தான் சுனிபாலா தேவியின் பெயர் அவருக்குக் கிடைத்தது. சுனிபாலா முன்னொரு காலத்தில் கல்கத்தா நாடகமேடையில் நடித்தவர். ஓரிரு திரைப்படங்களிலும் தோன்றியிருந்தார். பின்னர் எல்லோரும் மறந்துபோனார்கள். ராய் அவரைத் தேடிச் சென்ற இடம், கண்ணியமானவர்கள் என்று சொல்லிக்கொள்வோர் பகலிற் போகக் கூசுகின்ற பகுதி.

இதை மூடிமறைக்க வேண்டியதில்லை. இதற்கொரு வரலாறு உண்டு. வங்காள மேடையிலும், எமது பழைய நாடக மேடையைப் போலவே, முதலில் ஆண்களே பெண்வேடம் தரித்தார்கள். 1873இல் 'பெங்கால் தியேட்டர்' பெண்களை மேடையேற்றியபோது, குடும்பப் பெண்கள் எவரும் முன்வராத நிலையில், விலைமாதர் வாழ்ந்த பகுதிகளிலிருந்தே நடிகைகளை அழைத்துவந்தார்கள். வினோதினி தாசி தமது தன்வரலாற்றில் அந்த உலகத்தை எழுதிவைத்திருக்கிறார். கைதட்டல் மேடையோடு நின்றுவிடும். வாசலுக்கு வெளியே அந்தப் பெண்களுக்கு மரியாதை கிடையாது. சுனிபாலா பிறந்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான்.

முதற் சந்திப்பிலே ராய் இரண்டு காரியங்களைச் சோதித்தார். ஏதாவது தாலாட்டுப் பாட்டுத் தெரியுமா என்று கேட்டார். வங்காளத்துப் பிள்ளைகளை நித்திரையாக்கும் ஒரு பழைய பாட்டை சுனிபாலா சொல்லத் தொடங்கினார். ராய்க்குப் பத்துப் பன்னிரண்டு வரிதான் தெரியும். கிழவியோ அதையும் தாண்டிப் போய்க்கொண்டேயிருந்தார். ஞாபகசக்திக்கு அதற்குமேற் சாட்சி வேண்டியிருக்கவில்லை. அடுத்து, காலை ஆறு மணிக்கு எழும்பி, மோட்டாரிற் பதினைந்து மைல் போய், நாள் முழுவதும் வேலை செய்துவிட்டுத் திரும்ப முடியுமா என்ற கேள்வி. முடியும் என்றார். நாளொன்றுக்கு இருபது ரூபாய் சம்பளம். தினமும் கொஞ்சம் அபினி வேண்டும். அது இல்லாவிட்டால் உடம்பு தாங்காது. அதற்கும் ஒழுங்கு செய்யப்பட்டது.

படப்பிடிப்பு 1952 ஒக்டோபரில் ஆரம்பமாயிற்று. கல்கத்தாவுக்கு அருகேயுள்ள போரால் என்ற கிராமத்திலேதான் ஹரிஹரின் வீடு அமைந்தது. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவுக்கு இருபதைச் சற்றே கடந்த வயது. அதற்குமுன் திரைப்படக் கமராவைத் தொட்டவர் அல்லர். ராயும் அதுவரை படம் எடுத்தவர் அல்லர். இதனால் 'பதேர் பாஞ்சாலி'யைப் பற்றி ஒரு கதை கட்டப்பட்டுவிட்டது: தொழில் தெரியாத இளைஞர்கள், நடிக்கத் தெரியாத கிராமத்து மனிதர்கள், அதனாலேதான் இவ்வளவு உண்மை என்று. நமது விமரிசகர்களும் இதைத் திருப்பித் திருப்பி எழுதியிருக்கிறார்கள். எனது மாணவி சொன்னதும் இதன் எதிரொலிதான். ஆனால் ஹரிஹராக வந்த கானு பானர்ஜி தொழில்முறை நடிகர். சர்வஜயாவாக வந்த கருணா பானர்ஜி மேடை அநுபவம் உள்ளவர். அந்தக் குழுவிலே நடிப்புத் தொழிலின் நீண்ட பழக்கம் யாரிடம் இருந்தது என்று கேட்டால், அந்தக் கூன்கிழவியைத்தான் காட்டவேண்டும்.

திரைப்படம் துண்டு துண்டாக எடுக்கப்படுவது என்பது நேயர்களுக்குத் தெரியும். இன்று எடுத்த காட்சியின் தொடர்ச்சி ஒரு மாதம் கழித்து எடுக்கப்படலாம். முன்பு உடுத்த உடை எது, கையில் இருந்தது என்ன என்பதை ஒருவர் குறித்துவைக்க வேண்டும். அந்தப் படப்பிடிப்பிலே குறிப்புத் தவறிய இடத்திற் சுனிபாலா தவறவில்லை. அந்தக் காட்சியில் என் வலக்கை நனைந்திருந்ததே என்பார். மூட்டை இந்தக் கையில் அல்ல, மற்றக் கையில் என்பார். போர்வை இருந்ததா இல்லையா என்பதையும் அவரே சொல்லித் திருத்துவார். ராய் இவற்றை வியப்போடு எழுதியிருக்கிறார். சும்மா இருக்கின்ற ஒரு கிழவிக்கு எந்தக் கை நனைந்தது என்ற கவலை எதற்கு?

காசு முடிந்து படப்பிடிப்பு நெடுங்காலம் நின்றுபோயிற்று. ராய் தமது இசைத்தட்டுகளை விற்றார். மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. கடைசியில் மேற்கு வங்க அரசாங்கம் பணம் கொடுத்தது. அந்த இடைவெளியிலே மூன்று அற்புதங்கள் நடந்தன என்று ராய் பின்னாளிற் சொல்வதுண்டு: அபுவின் குரல் உடையவில்லை, துர்க்கா வளர்ந்துவிடவில்லை, இந்திர் தாக்ருண் சாகவில்லை.

அவர் செத்துப்போகும் காட்சிக்கு வருவோம். இறுதி நாட்களைச் சொந்த வீட்டிற் கழிக்கலாம் என்று கிழவி திரும்பி வருகிறாள். சர்வஜயா இடங்கொடுக்கவில்லை. தண்ணீர் கேட்கிறாள், நீயே எடுத்துக் குடி என்கிற மாதிரிப் பதில். குடித்து மிஞ்சிய தண்ணீரை, வழக்கப்படி, தான் வளர்த்த செடிக்கு ஊற்றுகிறாள். பிறகு சர்வஜயாவைப் பார்த்து ஒரு சிரிப்பு. இப்போதாவது 'இரு' என்று சொல்லமாட்டாளா என்ற சிரிப்பு. அது மெல்ல மெல்ல வடிந்துபோகிறது. அழுகை இல்லை, வசனம் இல்லை. எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அந்த முகத்தில் எந்தக் கணத்திற் சிரிப்பு முடிகிறது என்று இன்னும் என்னாற் சொல்ல முடியவில்லை. பின்னர் மூங்கிற்காட்டிலே குந்தியிருக்கும் கிழவியைத் துர்க்கா விளையாட்டாகத் தொட்டு அசைக்கிறாள். உடல் சரிகிறது, தலை நிலத்தில் மோதும் ஓசை கேட்கிறது. செம்பு உருண்டோடித் தண்ணீரில் விழுகிறது.

அதன்பின் பாடை எடுக்க வேண்டும். எண்பது வயதுப் பெண்ணைப் பாடையிற் கிடத்திக் கட்ட வேண்டும் என்று எந்த வாயாற் கேட்பது என ராய் தயங்கினார். எமது வீடுகளிலே வயோதிபர் முன்னிலையில் அந்தச் சொல்லையே எடுக்க மாட்டோம். சுனிபாலாவோ தயங்கவேயில்லை. விடியற்காலையில் அவரைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள், காட்சி முடிந்தது, இறக்கிக் கயிற்றை அவிழ்த்தார்கள். அவர் அசையவில்லை. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நெஞ்சு திக்கென்றது. அப்போது கிழவி கண்ணைத் திறந்து, முடிந்துவிட்டதா, எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை, நான் இன்னும் பிணமாகவே கிடக்கிறேனே என்று கேட்டார்.

மேடையிலே திரை விழும் வரைக்கும் பிணம் எழும்பக் கூடாது. அந்தப் பயிற்சி அவரை விட்டுப் போயிருக்கவில்லை.

இன்னுமொன்று. இரவிலே விறாந்தையில் இருந்துகொண்டு கிழவி பாடுகின்ற பாட்டு, பொழுது சாய்ந்துவிட்டது, என்னை அக்கரை சேர்த்துவிடு என்று இறைவனை வேண்டுவது. படத்துக்கு இசை ரவிசங்கர். ஆனால் இந்தப் பாட்டுக்கு அவருடைய சித்தாரும் இல்லை, பின்னணிப் பாடகியும் இல்லை. சுனிபாலாவின் சொந்தக் குரல், பல்லில்லாத வாயிலிருந்து சற்றுக் கரகரத்து வருகிறது.

படம் 1955 ஓகஸ்ட் 26இல் கல்கத்தாவில் திரையிடப்பட்டது. 1956இல் கான் விழாவில் சிறந்த மனித ஆவணம் என்ற பரிசைப் பெற்றது. சுனிபாலா தேவி இவற்றைக் காண இருக்கவில்லை. படம் திரைக்கு வருமுன்னரே காய்ச்சல் கண்டு காலமானார். 1993இல் இலண்டனில் ஏற்பட்ட தீயிலே மூலப்பிரதிகள் கருகின. பின்னர் அவற்றைப் பெரும்பாடுபட்டுச் செப்பனிட்டு 2015இல் மீண்டும் திரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பிரதியில் அவருடைய முகத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிகிறது.

என் மாணவி வானொலி கேட்கிறாளோ தெரியாது. கேட்கிறாளாயின், படத்தை இன்னொரு முறை போட்டுப் பார்க்கட்டும். கிழவி கோபித்துக்கொண்டு படலையைத் தாண்டிப் போகும்போது மூட்டை எந்தக் கையில், செம்பு எந்தக் கையில் என்று கவனிக்கட்டும்.